பறவை நம்மைப் பொருட்படுத்தாத நேரம்

பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். அதற்குப் பதில் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். என்னோடு வருகிறவர்களை நான் முதலில் ஏதாவது ஒரு நீர்க்கரையில் உட்கார வைத்துவிடுவேன். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும் என்பேன். அரை மணி நேரமாவது வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். எந்தக் கிளைக்கு எது வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருகிறது, எதைக் கண்டு கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். பலருக்கு இந்த அரை மணி நேரம் பெரிய சோதனை. கண்ணெதிரே பறவை, பைக்குள் கேமரா. ஆனாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் இதுதான். நாம் போய்ச் சேர்ந்தவுடன் அந்த இடமே மாறிவிடுகிறது. நாமக்கோழிகள் கரையை விட்டு நடுநீருக்கு நகர்ந்துவிடும். ஆட்காட்டி ஒன்று இருந்தால் கத்தி ஊரையே கூட்டிவிடும். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உள்ளான்கள் தலையைத் தூக்கி நிற்கும். கொக்கு கழுத்தை நீட்டி, இறகுகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் நம்மையே பார்க்கும். இந்த நேரத்தில் எடுக்கிற படத்தில் இருப்பது பயந்த பறவை. பின்னால் பார்க்கும்போது அந்த விறைப்பு தெளிவாகத் தெரியும். அசையாமல் ஒரு இருபது நிமிடம் இருந்துவிட்டால், ஒவ்வொன்றாகத் தன் வேலைக்குத் திரும்பும். கொக்கின் கழுத்து மடங்கும். உள்ளான் மறுபடி சேற்றைக் குத்தத் தொடங்கும். ஏதாவது ஒரு பறவை நம் எதிரே நிதானமாக இறகு கோத ஆரம்பித்தால், கேமராவை மெல்ல வெளியே எடுக்கலாம். பறவைப் படக்கலையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் கடைசியில் இந்த ஒரு நேரத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது என்பதுதான்: பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் தன்பாட்டைப் பார்க்கிற நேரம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சிறால் மீன்கொத்தி. உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, நீல முதுகு, செங்கபில வயிறு. பார்வைக்குப் படுவதற்கு முன்னால் அதன் குரல் வந்துவிடும். கூர்மையான, சன்னமான சீழ்க்கை. அதைக் கேட்டவுடன் கழுத்தைத் திருப்பித் தேடக் கூடாது. எங்கே வந்து உட்காரப்போகிறது என்பதை நாம் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதற்கு வழி எளிது. நீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கிற கிளைகளின் அடியில் பாருங்கள். வெள்ளையாக எச்சம் வழிந்திருக்கிற கிளைதான் அதற்குப் பிடித்தது. மீன்கொத்திக்கு இப்படி வாடிக்கையான இரண்டு மூன்று கிளைகள் இருக்கும். சுற்றிச் சுற்றி அவற்றுக்கே வரும். பறவையைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, அந்தக் கிளைக்கு எதிரே, வெயில் நம் முதுகில் படுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உட்கார்ந்த பிறகு அதன் பழக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும். பாய்வதற்கு முன்னால் தலையை மேலும் கீழும் ஆட்டும்; நீருக்குள் மீன் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. ஆட்டம் நின்று, உடம்பு முன்னால் சாய்ந்து, அலகு நீரை நேராகப் பார்த்தால் அடுத்த நொடி பாய்ச்சல்தான். மீனோடு திரும்பி வந்ததும் கிளையில் இப்படியும் அப்படியும் அடிக்கும். பிறகு அலகுக்குள் மீனைத் திருப்பும். தலை உள்ளே போகிற மாதிரி திருப்பினால் அது தனக்கு. செதிலும் துடுப்பும் தொண்டையில் மாட்டாமல் இறங்க வேண்டுமே. மீனின் தலை அலகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகிற மீன். இந்த ஒரு அடையாளம் தெரிந்ததிலிருந்து நான் மீன்கொத்தியைப் பார்க்கிற விதமே வேறாகிவிட்டது. தலை வெளியே தெரிய மீனோடு கிளம்புகிற பறவையின் பின்னால் நான் போவதில்லை. அது போவது கரைச்சரிவில் இருக்கும் பொந்துக்கு. அங்கே நமக்கு வேலையில்லை.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் மீன்கொத்திப் படங்களில் சிலவற்றில் கண் பால்வெள்ளையாக இருக்கும். ஃபோகஸ் பிசகவில்லை. பறவைகளுக்கு மேல் கீழ் இமைகளோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய படலமும் உண்டு. குறுக்காக ஓடிக் கண்ணைத் துடைத்துவிட்டுப் போகும். நீருக்குள் பாய்கிறபோதும் மீனைக் கிளையில் அடிக்கிறபோதும் அதை மூடிக்கொள்ளும். ஆகவே உட்கார்ந்திருக்கிற பறவையாக இருந்தாலும் ஒரே ஒரு கிளிக்கோடு நிறுத்தாதீர்கள். மூன்று நான்கு ஃபிரேம்கள் சேர்ந்து விழட்டும். அவற்றில் கண் திறந்து, தலை நம் பக்கம் சற்றே திரும்பி, கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்த ஒன்று இருக்கும். மற்றவற்றை நீக்கிவிடலாம். தலை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இறகு எவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தாலும் அந்தப் படத்தில் உயிர் இருக்காது.

உட்கார்ந்து காத்திருக்க வசதியில்லாத இடங்களில் நெருங்கிப் போகத்தான் வேண்டும். நேர்கோட்டில், பறவையையே பார்த்துக்கொண்டு நடந்தால் அது பறந்துவிடும். அதை வேட்டையாட வருகிற எதுவும் அப்படித்தான் வரும். பக்கவாட்டில் சாய்வாக நடங்கள். கண்ணை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். சில அடி வைத்ததும் நில்லுங்கள். பறவை தலையைத் தூக்கியதா, மேய்வதை நிறுத்தியதா, அப்படியே நின்று அது மறுபடி குனிகிற வரை பொறுங்கள். உடம்பைத் தாழ்த்திக் குந்திக்கொண்டால் போதும் என்று நினைத்துவிட்டு, குந்தியபடியே வேகமாக நெருங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் இருக்கிற உயரத்தைவிட நம் அசைவுதான் பறவையைக் கிளப்புகிறது. உடையும் அப்படித்தான். இலை வரைந்த உடுப்பு கட்டாயமில்லை; மங்கலான, பளபளப்பில்லாத துணி போதும். கரையின் உச்சியில் வானம் பின்னணியாக நம் உருவம் தெரியாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

முக்குளிப்பானை நெருங்குவது தனிக் கலை. அது மூழ்கியதும் நாம் நகரலாம். மேலே வருவதற்குள் உறைந்து நின்றுவிட வேண்டும். சில நொடி, ஒரு நகர்வு. மறுபடி மூழ்கல், மறுபடி நகர்வு. வயிற்றைத் தரையில் வைத்து இப்படி ஊர்ந்து நீர் விளிம்புக்குப் போய்விட்டால், பறவையின் கண் மட்டத்திலேயே லென்ஸ் இருக்கும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் சேற்றுக்குத் தயங்க மாட்டார்கள். முன்னால் இருக்கும் நீரும் பின்னால் இருக்கும் கரையும் கரைந்து மங்கலாகி, நடுவில் பறவை மட்டும் நிற்கும். உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சேற்றில் ஓடும் சிறு பறவைகளுக்கு இது ஒன்றுதான் வழி என்பேன். நாம் படுத்துக் கிடந்தால் அவை மேய்ந்துகொண்டே நம்மை நோக்கி வரும். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்கும் உள்ளே வந்து நிற்கும் நாட்களும் உண்டு. அப்போது படம் எடுக்க முடியாது, பார்க்கத்தான் முடியும். அதுவும் எனக்குச் சம்மதம்தான்.

மறைந்திருந்து எடுப்பதற்கு இந்தக் கலை தோன்றிய காலத்திலிருந்தே மனிதர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், 1892-இல் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்ததிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. 1900-இல் அவர்கள் ஒரு காளையின் தோலுக்குள் சட்டம் அமைத்து, அதற்குள் கேமராவோடு நின்றார்கள். பறவைகள் மாட்டுக்குப் பயப்படுவதில்லை என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். இன்று அந்தக் காளையின் வேலையைக் கார் செய்கிறது. சாலையோரத்துப் பறவைகள் வண்டிக்குப் பழகியிருக்கும். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் பறந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் விளிம்பில் மணலோ தானியமோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள். எஞ்சின் ஓடினால் அதிர்வும் வரும், சூட்டில் காற்றும் அலையும். இரண்டுமே படத்தைக் கெடுக்கும்.

இனி லென்ஸ். மரத்தில் இருக்கும் சிறு பறவைகளை எடுக்க 400 மி.மீ. குவியத்தூரமுள்ள லென்ஸ் இருந்தால் தொடங்கலாம். 500, 600 இருந்தால் நல்லது. ஆனால் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், ஃபிரேமில் பறவை இரண்டு மடங்கு பெரிதாகும். லென்ஸை 300-இலிருந்து 600 ஆக்குவதற்குச் சமம். அதுவும், நடுவில் இருக்கும் காற்று பாதியாகக் குறைந்துவிடுவதால், நெருங்கி எடுத்த படம்தான் தெளிவாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு நீர் மேலும் மணல் மேலும் காற்று கொதித்து அலைகிறது. தொலைவிலிருந்து எடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியும் அந்த அலைச்சலைத்தான் பதிவுசெய்யும். பிறகு கணினியில் கூர்மையாக்கினாலும் திருந்தாது. லென்ஸில் ஏதோ கோளாறு என்று பழுது பார்க்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கோளாறு காற்றில் இருந்தது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னாலும், மாலையில் தரை ஆறிய பிறகும் எடுங்கள். நடுப்பகலில் பக்கத்தில் இருக்கும் பறவையை மட்டும் எடுங்கள்.

பெரிய லென்ஸின் இன்னொரு சங்கடம் ஃபோகஸின் ஆழம். 600 மி.மீ., லென்ஸின் துளை எஃப்/6.3, ஐந்து மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், தெளிவாக விழும் பகுதி முழு ஃபிரேம் கேமராவில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். அலகு நுனியில் ஃபோகஸ் பிடித்தால் கண் மங்கிவிடும். ஆகவே கண்தான் குறி. புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன, நல்ல உதவி. புதருக்குள், கிளைகளுக்கு நடுவே பறவை இருந்தால் மட்டும் அதை நம்பாமல் ஒற்றைப் புள்ளிக்கு மாறி நானே கண்ணில் வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் முன்னால் நீட்டியிருக்கும் குச்சியைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும்.

600 மி.மீ. எஃப்/4 வகை லென்ஸ்கள் இன்று ஏறத்தாழ 3 கிலோ. கேமராவோடு சேர்ந்த அந்தக் கனத்தைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்க முடியும்? பொறுமை மனத்தில் மட்டும் இருந்தால் போதாது; முதுகிலும் முழங்காலிலும் இருக்க வேண்டும். ட்ரைபாட் வேண்டும், அல்லது ஒற்றைக்கால் தாங்கி வேண்டும், அல்லது கையில் தூக்க முடிகிற எடையுள்ள லென்ஸ் வேண்டும். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன். சற்று வெளிச்சம் குறைவாக வாங்குகிற சின்ன லென்ஸ்தான், ஆனால் தரையில் புரளவும் சட்டென்று திருப்பவும் அதுதான் தோது. உட்கார ஒரு சிறு விரிப்பு, தண்ணீர், பூச்சிக்கடிக்கு மருந்து. கால் மரத்துப்போனால் அசைவோம். அசைந்தால் பறவை பார்க்கும். ஆகவே உட்காரும்போதே ஒரு மணி நேரம் தாங்கும் வாகில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். சின்ன விஷயம் மாதிரி தோன்றும். பல நல்ல வாய்ப்புகள் கையைவிட்டுப் போவது இதனால்தான்.

கருவி பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வருவார். பல உதிரிகளை இணைத்துத் தானே ஒப்பேற்றிக்கொண்ட கேமராவோடு காட்டுக்குள் போனவர். கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். அவர் படங்களில் விலங்கும் பறவையும் அவை வாழ்கிற இடத்தோடு இருக்கும். இன்று எல்லோரும் பறவையை ஃபிரேம் நிறைய நிரப்பத் துடிக்கிறோம். இறகிழை ஒவ்வொன்றும் தெரிய வேண்டும் என்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பெரிய மரத்தில் சிறிய பறவை, பரந்த நீரில் ஒற்றைக் கொக்கு என்று எடுத்தவற்றைத்தான் வருடங்கள் கழிந்த பின்னும் திரும்பப் பார்க்கிறேன். 200 மி.மீ. லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். அந்தப் படங்களுக்கு அதுவே போதும்.

பறக்கும் பறவை என்பது தனி உலகம். தொடங்கும்போது தகைவிலானைத் துரத்தாதீர்கள். கொக்கு, கூழைக்கடா, செம்பருந்து மாதிரி பெரிய உடம்பும் நிதானமான சிறகடிப்பும் உள்ளவற்றில் கையைப் பழக்குங்கள். அவற்றுக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி போதும். சின்னப் பறவைகளுக்கு 1/2500, 1/3200 என்று ஏற வேண்டும். நீரிலிருந்து மேலெழும் மீன்கொத்திக்கு அதற்கும் மேலே போனால் துளிகள் உறைந்து நிற்கும். வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வு எண் ஏறும், ஏறட்டும். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை மென்பொருள் பெருமளவு நீக்கிவிடும். அசைந்து குழம்பிய கண்ணை எதுவும் மீட்காது.

இதற்கெல்லாம் முந்தைய பாடம் காற்று. பறவைகள் காற்றை எதிர்த்துக் கிளம்புகின்றன. இறங்கும்போதும் காற்றுக்கு முகம் கொடுத்தே இறங்குகின்றன. ஆகவே வெயிலும் காற்றும் இரண்டும் நம் முதுகுப் பக்கம் இருக்கிற இடத்தைத் தேடி நின்றால், கிளம்புகிற பறவையும் இறங்குகிற பறவையும் நமக்கு முகம் காட்டும், முகத்தில் ஒளியும் இருக்கும். காற்று எதிர்ப்பக்கமிருந்து வீசுகிற நாளில் எவ்வளவு உழைத்தாலும் கிடைப்பது வால்தான். அப்படிப்பட்ட நாட்களில் நான் பறக்கிறவற்றை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவற்றைப் பார்ப்பேன். வானிலை அறிக்கையில் மழை பார்க்கிறவர்கள் காற்றின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பப்போகிற பறவை அறிகுறியும் காட்டும். உடம்பைத் தாழ்த்திக் குந்தும், முன்னால் சாயும், பெரிய பறவைகள் பலவும் எச்சமிட்டுவிட்டுக் கிளம்பும். எச்சம் விழுந்ததும் ஷட்டரில் விரல் தயாராக இருக்க வேண்டும். விரலை முழுக்க அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேர்த்துப் பதிகிற வசதி இப்போது சில கேமராக்களில் இருக்கிறது. மீன்கொத்தி பாய்கிற படத்துக்கு அது பெரிய வரம். ஆனால் சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுக்கும்போது, சில கேமராக்களில் வேகமாக அடிக்கிற சிறகு வளைந்து விழும். உங்கள் கேமரா எப்படி என்று ஏதாவது ஒரு புறாவை எடுத்துச் சோதித்துவிட்டு நம்புங்கள்.

பஞ்சுருட்டான் பறக்கிற படம் கடினம் என்பார்கள். அது ஒரே கிளைக்குத் திரும்பி வருகிற பறவை. குளவியையோ தேனீயையோ பிடித்ததும் உட்கார்ந்த இடத்துக்கே வந்து, கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கின் நஞ்சை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, வருகிற பக்கம் ஃபிரேமில் இடம் விட்டுக் காத்திருங்கள். போகும்போது பிடிக்க முடியாதது வரும்போது கிடைக்கும். கரிச்சானும் ஈப்பிடிப்பான்களும் இப்படித்தான். தேன்சிட்டுக்குப் பூங்கொத்து, அது விரும்புகிற கொத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மறுபடி மறுபடி வரும். இதற்கெல்லாம் அடங்காதது தையல்சிட்டு. குரல் காதுக்குள் அடிக்கும், ஆள் தெரியாது; தெரிந்தால் ஒரு நொடி. அதைப் புதருக்குள் துரத்துவது வீண். புதரின் ஓரத்தில் வெளிச்சம் விழும் ஒரு திறப்பைப் பார்த்து உட்கார்ந்துவிடுவதே நல்லது.

வெளிச்சத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். இருண்ட நீர் பின்னணியில் வெள்ளைக் கொக்கு இருந்தால், கேமரா மொத்தக் காட்சியும் இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). எரிந்துபோன வெள்ளையில் இறகை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெளிறிய வானத்தை எதிர்த்துக் கரிச்சானோ பருந்தோ இருந்தால் மாறாக ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுத்தால் கொஞ்சம் பிழைக்கலாம். திரையில் படம் பளிச்சென்று தெரிவதை நம்பாமல் ஹிஸ்டோகிராம் என்கிற ஒளி வரைபடத்தின் வலது விளிம்பைப் பாருங்கள்; அங்கே முட்டி நின்றால் வெள்ளை எரிந்துவிட்டது.

கூடு பற்றி நான் கறாரானவன். கூட்டருகே போய் எடுத்த படம் எதையும் நான் பாராட்டுவதில்லை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். நாம் நிற்கிற நேரமெல்லாம் தாய் திரும்ப முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முட்டை குளிர்ந்துபோகும், அல்லது வெயிலில் குஞ்சு வாடும். நாம் விலக்கிய இலைகள் மறைத்து வைத்திருந்ததைக் காகம் பார்த்துவிடும். நம் பின்னாலேயே வரும். 1937-இல் இங்கிலாந்துப் பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங் ஒரு ஆந்தையின் கூட்டருகே போனபோது அது தாக்கி ஒரு கண்ணை இழந்தார். பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளையே எடுத்தார். அந்த ஆந்தை தன் குஞ்சுகளுக்காகத்தான் பாய்ந்தது. எல்லாப் பறவைக்கும் அந்த நகம் இருப்பதில்லை. சில பேசாமல் கூட்டைக் கைவிட்டுவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று எண்ணி, இரை தேடுவதையும் காவலையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. படத்தில் அலகு திறந்து, இறகு சிலிர்த்து நிற்கும். பார்க்கிறவர்கள் எவ்வளவு கம்பீரம் என்பார்கள். அது பதற்றம். ஐந்து பேர் ஒரே காலையில் ஒரே புதரில் அதைச் செய்தால் அந்தப் பறவையின் நாள் முடிந்தது. கூட்டமாகப் போகிறபோது இன்னொன்றும் நடக்கிறது: ஒருவர் பறவையை நெருங்கி எடுத்துவிட்டால் அடுத்தவர் இன்னும் ஒரு அடி முன்னால் போகிறார். பறவை பறந்த பிறகுதான் எல்லோரும் நிற்கிறார்கள். கிளம்பும்போதே யார் முன்னால் நிற்பது, எங்கே நிற்பது என்று பேசிக்கொள்ளுங்கள். பறவை தலையைத் தூக்கினால் மூத்தவர், இளையவர் பார்க்காமல் எல்லோரும் நிற்க வேண்டும்.

ஒன்றும் கிடைக்காத நாட்கள்தான் அதிகம். எதிர்பார்த்த கிளைக்கு வராது. வந்தால் வெயில் மேகத்துக்குள் போயிருக்கும். இரண்டும் கூடிவந்தால் யாரோ கரையில் நடந்துவருவார்கள். இதற்கு என்னிடம் உள்ள மருந்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. புதுப்புது இடங்களுக்கு ஓடி, புதுப்புது இனங்களைப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு. அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே நீர்க்கரையில் பருவம் முழுக்க உட்கார்ந்தவருக்குக் கிடைக்கிற படம் ஓடுகிறவருக்குக் கிடைக்காது. மீன்கொத்தி எந்நேரம் எந்தக் கிளைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். வலசை வந்த வாலாட்டிகள் முதலில் எந்தத் திட்டில் இறங்கும் என்று தெரியும். பறவைகளுக்கும் அவரைத் தெரியும். ஒரே உடையில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி மெல்ல வந்து உட்காருகிற மனிதரை அவை சீக்கிரம் ஏற்றுக்கொள்கின்றன. நான் உட்காருகிற இடத்தில் இப்போதெல்லாம் மடையான்கள் ஐந்து நிமிடத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகின்றன.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஒரு காலையில் நூற்றுக்கணக்கான ஃபிரேம்கள் சேர்ந்துவிடும். அன்றே அமர்ந்து கண் தெளிவில்லாதவற்றை நீக்குங்கள். நாள் கடந்தால் மலைத்துப்போய்த் தொடவே மாட்டோம். கூடவே தேதி, நேரம், காற்றின் திசை, பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதிவைத்த இந்தக் குறிப்புகள்தான் அடுத்த பருவத்தில் எங்கே எப்போது உட்காருவது என்று எனக்குச் சொல்கின்றன. அழகில்லாத படம் என்று ஒதுக்குவதற்கு முன் பறவையின் கால்களையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால், அதில் உள்ள எழுத்தும் எண்ணும் படிக்க முடிகிற படம் மங்கலாக இருந்தாலும் மதிப்புள்ளது. அந்தப் பறவை எங்கிருந்து கிளம்பி எங்கே வந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரியவரும். அந்தப் படத்தை இடமும் தேதியும் குறிப்பிட்டு வளையமிடும் அமைப்புகளுக்கு அனுப்புங்கள். 2002-இல் தொடங்கிய ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் மற்ற பறவைகளின் பட்டியலையும் பதிவுசெய்யலாம். கூடு இருக்கும் இடத்தையும், அரிய ஆந்தைகள் அடையும் மரத்தையும் மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.